காக்பிட் (விமானி அறை) வடிவமைப்பில் சறுக்கும் இடங்கள்

'விமானியின் தவறு' என்று எழுதி விபத்து விசாரணையை மூடிவிடுவதுதான் முதல் தவறு. இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானம் பத்திரமாகத் தரையிறங்கி ஓடிக்கொண்டிருக்கும், இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடிப்பலகையான ஃபிளாப்பை மடக்கப் போன விமானி சக்கரத்தை மடக்கிவிடுவார், விமானம் வயிறு தேய உட்கார்ந்துவிடும். பழுத்த அனுபவசாலிகளும் இதைச் செய்தார்கள். 1943-இல் அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் காக்பிட்டைப் பார்த்தால், இரண்டு சுவிட்சும் பக்கத்தில் பக்கத்தில், அச்சு அசலாக ஒரே மாதிரி! சக்கரச் சுவிட்சின் தலையில் சின்ன ரப்பர் சக்கரம், ஃபிளாப் சுவிட்சில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு என்று ஒட்டவைத்தார். தீர்வு அவ்வளவுதான். கண் ஓடுபாதையில் இருக்கும்போது எது எந்தச் சுவிட்ச் என்று விரலே அடையாளம் கண்டுகொள்ளும்.

இந்தப் பாடத்தை மறந்துதான் எல்லாவற்றையும் டச் ஸ்கிரீனில் கொட்டுகிறார்கள். வரைபடம் பார்க்கச் சரி. ஆனால் போர் விமானம் 7 ஜி திருப்பத்தில், அதாவது எடை ஏழு மடங்காகத் தோன்றும் வேகத் திருப்பத்தில், இருக்கும்போது 4 கிலோ கை 28 கிலோ கனக்கும். அதைத் தூக்கிப் போய், வழவழவென்ற கண்ணாடியில் ஒரு குட்டிச் சதுரத்தைக் குறிபார்த்துத் தொடு என்றால் எப்படி? சண்டைக்கு வேண்டியது ஸ்டிக்கிலும் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி) திராட்டிலிலும் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி) விரலுக்கடியில் இருக்கட்டும். அங்கேயும் ஆசை விடாது: ஒரே பொத்தானுக்கு ஒரு தட்டு, இரு தட்டு, நீண்ட அழுத்தம் என்று மூன்று வேலை கொடுப்பார்கள், மேஜையில் உட்கார்ந்து பார்க்கும்போது அழகாகத்தான் இருக்கும்.

அப்புறம், விமானியைக் கணக்குப் போட வைக்காதீர்கள். பழைய உயரமானியில் நூறு, ஆயிரம், பத்தாயிரம் அடிக்கென மூன்று முள். மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும், சின்ன முள்ளைக் கவனிக்காமல் விட்டால் 10,000 அடி பிசகும்.

எச்சரிக்கை ஒலியைக் கூட்டிக்கொண்டே போவதும் வீண்தான். மூளை வேறொன்றில் மூழ்கியிருந்தால் காதில் விழுவது மனதில் ஏறாது. சக்கரம் இறங்கவில்லை என்று ஹாரன் அலற அலறத் தரையிறங்கியவர்கள் உண்டு.

சராசரி விமானிக்காக வடிவமைக்கிறோம் என்பவர்களுக்கு: 1950-இல் கில்பர்ட் டேனியல்ஸ் 4,063 அமெரிக்க விமானிகளின் உடல் அளவுகளை அலசினார். பத்து அளவுகளிலும் சராசரியை ஒட்டி வந்தவர் ஒருவர்கூட இல்லை.

கைக்குப் பதில் சொல்லாத கருவியும் ஆகாது. எஃப்-16 போர் விமானத்தின் முதல் ஸ்டிக் அசையவே அசையாது, அழுத்தத்தை மட்டும் உணரும். எவ்வளவு அழுத்துகிறோம் என்றே விமானிகளுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் துளி அசைவு கொடுத்துத்தான் சரிசெய்தார்கள்.