வில் உடைந்துவிட்டது என்று போன் வந்தால்: செய்து விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் என் பட்டறைக்கு ஒரு தம்பி வந்திருந்தான். இரண்டு வருடமாக மூங்கில் வில் செய்து விற்கிறான். கை நன்றாக ஓடுகிறது, இழைப்பில் அவசரம் தெரியவில்லை. பேச்சுவாக்கில், "அண்ணா, மைசூர்ல ஒருத்தருக்குக் கொடுத்தது உடைஞ்சுடுச்சு. மறு வாரமே புதுசு அனுப்பிட்டேன், ஒரு பைசா வாங்கல" என்றான். முகத்தில் நிறைவு.

"உடைஞ்சது எங்கப்பா?"

"அது எதுக்குண்ணா, தூக்கிப் போடச் சொல்லிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. இதையே, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், 2017-ல் டில்லிக்காரர் ஒருவரிடம் நான் சொல்லியிருக்கிறேன். அந்தக் கதையைத் தம்பியிடம் முழுசாகச் சொல்லி முடிக்க இரண்டு டீ ஆனது. அப்புறம், அவனைப் போல இன்னும் நாலைந்து பேர் இந்த ஊரிலேயே வில் செய்கிறார்களே, அவர்களுக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அம்பில்லாமல் நாணை இழுத்து விடக் கூடாது, வெயிலில் நிற்கும் காருக்குள் வில்லை வைக்கக் கூடாது, இரவெல்லாம் நாணேற்றியே வைக்கக் கூடாது, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதை எழுதப் போவதில்லை. இது வாங்கியவர்களுக்கு எழுதுவதல்ல, செய்து விற்கிற நமக்கு.

முதல் கேள்வியையே தப்பாகக் கேட்பது

போன் வந்ததும் நம் வாயில் முதலில் வருவது, "எவ்வளவு தூரம் இழுத்தீங்க?" அல்லது "வெறும் நாண் விட்டீங்களா?" என்பதுதான். வேண்டாம். முழு இழுப்பில் வில் உடையும்போது அது முகத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, துண்டு எந்தப் பக்கம் பாயும் என்று யாரும் சொல்ல முடியாது. "அடி கிடி பட்டுச்சா?" என்று முதலில் கேளுங்கள். பதிலை முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் வில்லுக்கு வாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. போலீஸ் மாதிரி கேட்டால் ஆள் வாயை மூடிக்கொள்வார். வீட்டுக்கு வந்த மச்சான் ஆசையாக எடுத்து வெறும் நாணை இழுத்து விட்டிருப்பார், அது இவருக்கும் தெரியும், ஆனால் நீங்கள் கேட்கிற தொனியில் சொல்ல மாட்டார். "கடைசியா யார் கையில இருந்தது சார்?" என்று சாதாரணமாகக் கேட்டால் தானாக வந்துவிடும்.

ஆயுள் முழுக்க உத்தரவாதம்

சொல்லாதீர்கள். இரண்டு வருடம் என்று சொல்லி அதைக் காப்பாற்றுங்கள்.

துண்டுகளைப் பார்க்காமலே புது வில் அனுப்புவது

டில்லிக்காரர் கதைக்கு வருகிறேன். 2017 மே மாதம், இரவு ஒன்பதரை இருக்கும். அவரிடம் இருந்தது 45 பவுண்டு வில் (முழுசாக இழுக்கத் தேவையான பலம்தான் பவுண்டு), 66 அங்குல நீளம், இரண்டு மூங்கில் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிச் செய்தது. "மேல் லிம்ப் டப்னு போயிடுச்சுப்பா" என்றார், அதாவது கைப்பிடிக்கு மேலே வளைகிற பகுதி. அடிபடவில்லை. எனக்கு உடனே ஒரு ரோஷம். என் வில் உடைந்தால் நான் நிற்பேன், காசு பேச மாட்டேன் என்று. "கவலையே படாதீங்க சார், பத்து நாள்ல புதுசு வரும், அதைத் தூக்கிப் போட்டுடுங்க" என்றேன்.

போனை வைப்பதற்குள் காரணத்தையும் நானே கண்டுபிடித்துவிட்டேன். டில்லி, மே மாதம், 40 டிகிரிக்கு மேல் வெயில், காற்றில் ஈரமே கிடையாது, பெங்களூரில் செய்த மூங்கில் அங்கே போய் வறண்டு ஒடிந்துவிட்டது. கேட்க எவ்வளவு சரியாக இருக்கிறது பாருங்கள். இது பொய்யும் இல்லை. வில்லுக்கு மூங்கிலிலும் மரத்திலும் 8 முதல் 10 சதவீதம் ஈரம் இருந்தால் நல்லது, 6-க்குக் கீழே இறங்கினால் முறுகிப்போகும். அதனால் அவருக்கு ஒரு பாடமே எடுத்தேன்: மொட்டை மாடி அறையில் வைக்காதீர்கள், கூலர் ஓடுகிற அறையில் வையுங்கள், கூலர் காற்றில் ஈரம் இருக்கும் என்று. பாவம், அவரும் அப்படியே செய்தார். நான் அனுப்பிய இரண்டாவது வில் மூன்றே வாரத்தில் அதே மாதிரி போனது. அப்போதும் நான் துண்டுகளைக் கேட்கவில்லை. டில்லி வெயிலைத்தான் திட்டினேன்.

மூன்றாவது உடைந்தது இங்கேயே, பிரேசர் டவுனில். ஜூலை, தூறல், காற்றெல்லாம் ஈரம். காலேஜ் படிக்கிற பெண். பட்டை பிரிந்து மேலே அடித்ததில் கண்ணுக்கு ஒரு விரல் அகலம் கீழே கிழிந்து இரண்டு தையல்.

அன்றைக்குத்தான் வண்டியை எடுத்துக்கொண்டு போய் துண்டுகளை நானே வாங்கி வந்தேன். அவள் அம்மா பழைய பேப்பரில் சுற்றி, நாணோடு கொடுத்தார்கள், ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பட்டறை ஜன்னல் பக்கம் வைத்துப் பிரித்தேன். முதுகுப் பட்டை (இலக்கைப் பார்க்கிற பக்கம்) வயிற்றுப் பட்டையை (விடுபவரைப் பார்க்கிற பக்கம்) விட்டு ஒரு சாண் நீளத்துக்கு சுத்தமாகப் பிரிந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்தால் ஒட்டின முகம் நகப்பூச்சு மாதிரி பளபளத்தது. நகத்தை வைத்து இழுத்தேன், வழுக்கிக்கொண்டு போனது. எதிர்ப்பக்கத்தில் இழைப்புளி ஓடின சின்னச் சின்ன அலைகள்கூட பசையில் அச்சாகப் பதிந்திருந்தன. ஒரு நார் ஒட்டவில்லை. பசை ஒழுங்காகப் பிடித்திருந்தால் பிய்க்கும்போது தேங்காய் நார் உரிப்பது போல இரண்டு பக்கமும் மூங்கில் நாரைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். இங்கே பசை மூங்கிலைப் பிடிக்கவே இல்லை.

காரணம் முழுக்க என் கைப்பழக்கம். அதற்கு முன்பு வரை தச்சர்கள் போடுகிற வெள்ளைப் பசையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முகம் வழவழவென்று இழைத்திருக்க வேண்டும், கிளாம்பை இறுக்க வேண்டும். ஆனால் விடாமல் இழுவை இருக்கும் இடத்தில் அந்தப் பசை மெல்ல மெல்ல நழுவும் என்பதால் அந்த வருடம்தான் இரண்டு டப்பா கலந்து போடும் எபாக்சிக்கு மாறினேன். பசை மாறியது, கை மாறவில்லை. கண்ணாடி போல இழைத்தேன், இரண்டு அங்குலத்துக்கு ஒரு கிளாம்ப் போட்டு, ஓரத்தில் பசை வழிந்து ஓடும்வரை முறுக்கினேன். எபாக்சிக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். 80 நம்பர் உப்புத்தாள் போட்டு முகத்தைச் சொரசொரப்பாக்க வேண்டும், இடைவெளி மூடுகிற அளவுக்கு மட்டும் அழுத்த வேண்டும். நான் முறுக்கின முறுக்கில் பசையெல்லாம் வெளியே போய், உள்ளே மிஞ்சியது ஒரு மெல்லிய படலம்.

அப்படி ஒட்டியது மொத்தம் 11 வில். அப்போதைய விலை 6,500, ஆக 71,500 ரூபாய். அது போகட்டும். என்னை இன்றைக்கும் உறுத்துவது வேறு கணக்கு. அந்தப் பெண்ணுக்கு நான் வில் விற்றது, டில்லியிலிருந்து முதல் போன் வந்து 17 நாள் கழித்து. மே மாதமே அந்தத் துண்டுகளை வரவழைத்திருந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் ஐந்து நிமிட வேலை. அவள் கைக்கு அந்த வில் போயிருக்காது.

புது வில் கொடுத்தால் உடைந்தவருடைய நஷ்டம் தீரும். அதே பசையில், அதே மூங்கிலில், அதே வாரத்தில் செய்த மற்ற வில்கள் யார் யார் கையிலோ இருக்கின்றனவே, அவர்களுக்கு நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள்? உடைந்த துண்டைப் பார்க்காமல் அதற்குப் பதில் கிடையாது. போட்டோ போதாது, அந்தப் பளபளப்பு போட்டோவில் தெரியாது. துண்டுகள், நாண், தரையில் கிடக்கும் சிலாம்பு, கடைசியாக விட்ட அம்பு எல்லாவற்றையும் அனுப்பச் சொல்லுங்கள், பார்சல் செலவை நீங்களே கொடுங்கள்.

வந்த துண்டில் எங்கே பார்ப்பது என்றால், முதலில் உடைப்பு எங்கே ஆரம்பித்தது என்று. முதுகில் சிலாம்பு கிளம்பி நீளமாகக் கிழிந்திருந்தால் நார் அறுந்து அங்கிருந்து தொடங்கியது. பெரும்பாலும் கணுவில் இருக்கும், அழகுக்காகக் கணுவை இழைத்துத் தட்டையாக்கினீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்றில் குறுக்கே மயிரிழை போலக் கோடுகள் இருந்தால் அந்த இடம் மட்டும் அதிகமாக வளைந்து நசுங்கியிருக்கிறது, வளைவை நீங்கள் சமமாகச் சீவவில்லை, வாங்கியவர் மேல் பழி போடாதீர்கள். முருங்கைக் கிளை ஒடிந்தது போல சிலாம்பே இல்லாமல் குட்டையாக ஒடிந்திருந்தால் மூங்கில் கெட்டுப்போனது, இல்லை அளவுக்கு மீறிக் காய்ந்தது. துளையிலிருந்து மாவு கொட்டினால் உளுத்தது. முனையில் நாண் உட்காரும் வெட்டிலிருந்து பிளந்திருந்தால் நாணை எடுத்துப் பாருங்கள். நீட்சியே இல்லாத ஃபாஸ்ட் ஃபிளைட் வகை நாணை வாங்கியவர் ஆசைப்பட்டு மாட்டியிருப்பார், கனமான முனை வைக்காத மூங்கில் வில் அந்த அடியைத் தாங்காது, கொஞ்சம் நீளக்கூடிய டேக்ரான் நாண் போதும். அம்பையும் எடை போடுங்கள். 40 பவுண்டு வில்லுக்கு 400 கிரெய்ன், அதாவது சுமார் 26 கிராம் அம்பு சரியாக இருக்கும். அதில் பாதி எடை அம்பை வைத்து விட்டால் கிட்டத்தட்ட வெறும் நாண் விட்ட மாதிரிதான்.

உடைந்த முகங்களைப் பொருத்திப் பார்ப்பது

கை தானாகப் போகும். பொருத்தாதீர்கள், நார் நசுங்கி அடையாளம் அழிந்துவிடும்.

நூல் சுற்றித் திருப்பிக் கொடுப்பது

முதுகில் ஒரே ஒரு சின்னச் சிலாம்பு கிளம்பியிருந்தால் பசை விட்டு நூல் சுற்றலாம், நானும் செய்திருக்கிறேன், ஓடுகிறது. வயிற்றில் கோடு விழுந்த வில்லையோ குறுக்கே கீறல் விட்ட லிம்பையோ நூல் சுற்றிப் பளபளப்பாக்கி ஒருவர் கையில் திரும்பக் கொடுக்கிற வேலையை மட்டும் செய்யாதீர்கள், அவர் கெஞ்சினாலும்.

வில்லில் எதையும் எழுதாதது

அந்த 11 வில்லையும் தேடித் திரும்ப வாங்க ஒன்றரை மாதம் அலைந்தேன், ஏனென்றால் எது எந்தத் தடவை ஒட்டியது என்று எங்கேயும் குறிப்பு இல்லை. பழைய போனில் நம்பர் தேடி, "சார், உங்க வில் கைப்பிடி தோல் என்ன கலர்?" என்று கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். இரண்டு வில் இன்றுவரை கிடைக்கவில்லை.

இப்போது கைப்பிடித் தோலுக்குக் கீழே பென்சிலால் எழுதுகிறேன்: ஒட்டின தேதி, என்ன பசை, எந்தக் கட்டு மூங்கில். வெளியே தெரிகிற மாதிரி பவுண்டும் அங்குலமும். 28 அங்குல இழுப்புக்குச் செய்த வில்லை 31 அங்குலம் இழுக்கிற நீளக் கைக்காரர் வாங்கினால் அது உடையத்தான் செய்யும், அதை விற்கும்போதே சொல்ல வேண்டியது நாம்தான். நோட்டில் இன்னொரு வரியும் உண்டு: பட்டையின் எடை. வாரம் ஒரு தடவை சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள், இரண்டு மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால்தான் ஒட்டலாம். ஜூன் முதல் அக்டோபர் வரை இந்த ஊர் மழையில் அது சீக்கிரம் நிற்காது, காத்திருங்கள்.

நூறு அம்பு விட்டுப் பார்க்காமல் விற்பது

விற்காதீர்கள்.

உடைவதற்கு விலையில் இடம் வைக்காதது

பத்துக்கு ஒன்று திரும்பி வரும் என்று வைத்துக்கொண்டு விலை போடுங்கள். குறைந்த விலைக்குக் கொடுத்தவன்தான் உடைந்ததும் போனை எடுக்காமல் இருக்கிறான். அவன் கெட்டவன் இல்லை, கையில் காசில்லை.

தம்பி வீட்டுக்குப் போனதும் மைசூர்காரருக்குப் போன் போட்டிருக்கிறான். நல்ல வேளை, அவர் துண்டுகளைத் தூக்கிப் போடவில்லை, பரண் மேல் கிடக்கிறதாம். பஸ் பார்சலில் வருகிறது. வியாழக்கிழமை காலையில், வெளிச்சம் ஜன்னலுக்கு வருகிற நேரத்தில், எடுத்துக்கொண்டு வா, இரண்டு பேரும் சேர்ந்து பிரிப்போம் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை அதே கட்டு மூங்கிலில் செய்து வைத்திருக்கிற மூன்று வில்லை விற்கக் கூடாது என்றும்.