ஓப்பன் சோர்ஸோ காசு சொஃப்ட்வெயாரோ, ஆர் கெதியா ஓட்டை அடைக்கிறாங்கள் எண்டு பாக்கிறது எப்பிடி

யாழ்ப்பாணத்தில பரமேஸ்வராச் சந்தியில பிளேன்ரீ குடிக்கப் போனா இந்தச் சண்டை ஓயாது. ஒருத்தன் சொல்லுவான் ஓப்பன் சோர்ஸ் எண்டால் புரோக்ராம் எழுதின கோட் எல்லாருக்கும் திறந்து கிடக்கு ஆராவது பாத்துத் திருத்துவாங்கள் எண்டு, மற்றவன் காசு குடுத்தாத்தான் கேள்வி கேக்கலாம் எண்டுவான். ரெண்டுபேரும் ஒரு திகதியும் சொல்லமாட்டாங்கள். கடையளுக்கு கொம்பியூட்டர் பாத்துக் குடுக்கிற எனக்குத் திகதிதான் வேணும்.

முதல்ல ஒரு கொப்பியில மூண்டு திகதி எழுதுங்கோ: பிழையை அறிவிச்ச நாள், திருத்தம் வெளிய வந்த நாள், அது உங்கட மிசினுக்கு வந்து சேந்த நாள்.

ஹார்ட்பிளீட் எண்ட ஓட்டையை எடுங்கோ, அது வெப்சைட்டுக்குப் போறதை மறைகுறியாக்கிற ஓப்பன்எஸ்எஸ்எல் எண்ட ஓப்பன் சோர்ஸ் புரோக்ராமில இருந்தது. 2014 ஏப்ரல் 7 வெளிய தெரிஞ்ச அண்டைக்கே ஓப்பன்எஸ்எஸ்எல் திருத்தின வெர்ஷனை விட்டிட்டுது, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த ஓட்டை 2012 மார்ச்சில வந்த 1.0.1 வெர்ஷனிலேயே கிடந்தது, ரெண்டு வருசமா கோட் எல்லாருக்கும் திறந்துதான் இருந்தது. மறுபக்கம் வன்னாகிரை, விண்டோஸ் ஓட்டையால புகுந்து ஃபைலுகளைப் பூட்டிப்போட்டுக் காசு கேட்ட வைரஸ். மைக்ரோசொஃப்ட் அந்த ஓட்டையை அடைக்கிற திருத்தத்தை, அதுதான் பச், 2017 மார்ச் 14 விட்டுது, அடி விழுந்தது மே 12. நடுவில 59 நாள்! இதில கொம்பனியைப் பேசி என்ன பிரயோசனம், மூண்டாவது திகதி எங்கட கையிலதான் இருந்தது. இஞ்ச எத்தினை கடையில கிராக் விண்டோஸைப் போட்டு, டேட்டா போகுதெண்டு அப்டேற்றையும் ஓஃப் பண்ணி வச்சிருக்கினம் எண்டு எனக்குத் தெரியும்.

ஓப்பன் சோர்ஸ் எண்டால் அவையின்ர பக் பட்டியலை, அதாவது ஆக்கள் அறிவிச்ச பிழையளின்ர பட்டியலைத் திறந்து பழசு எது எண்டு பாருங்கோ. எத்தினை பக் எண்டுறது பெரிய விசயமில்லை, கேட்டவனுக்கு ஆராவது பதில் போட்டிருக்கினமோ, கோட் எழுதுறது எத்தினை பேர் எண்டுறதுதான் விசயம். ஒராளே தனியக் கிடந்து மாரடிக்கிறார் எண்டால் கவனம். ஃபைல் சுருக்கிற எக்ஸ்இசட் எண்ட ஓப்பன் சோர்ஸ் புரோக்ராமின்ர கதை அதுதான், களைச்சுப்போன ஒரு மனுசனிட்ட உதவி செய்யுற மாதிரி வந்து நம்பிக்கையெடுத்த ஒருத்தர்தான் களவா உள்ளிடப் பின்கதவு வச்சது. 2024 மார்ச்சில ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் எண்டவர் தூரத்து மிசினுக்குள்ள போற எஸ்எஸ்எச் லொகின் அரை செக்கன் பிந்துது எண்டு கிளறப்போய்த்தான் பிடிபட்டுது. உள்ளுக்க வந்ததும் திறந்து கிடந்ததாலதான், பிடிபட்டதும் அதாலதான்.

காசு சொஃப்ட்வெயார் எண்டால் சப்போர்ட் முடியுற திகதியை முதல்ல தேடுங்கோ. விண்டோஸ் 10 க்கு 2025 ஒக்ரோபர் 14 ஓட முடிஞ்சுது. மைக்ரோசொஃப்ட் மாசத்தில ரெண்டாவது செவ்வாய் பச் விடும், எங்களுக்கு அது இரவு, புதன் காலமை கடை திறந்தோண்ண போட்டிடுங்கோ. சின்னக் கொம்பனியெண்டால் காசு கட்ட முதல் ஒருக்கா ஃபோன் அடிச்சு, கடைசி அப்டேற்றில என்ன திருத்தினீங்கள் எண்டு கேளுங்கோ. முழுசினா விட்டிடுங்கோ.

பிழையை அறிவிக்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு. ஒரு பில் போடுற சொஃப்ட்வெயாரில 'கொத்தமல்லி' எண்டு அடிச்சா பிரிண்டில கொம்பு 'க'வுக்குப் பின்னால போய் நிக்கும். "தமிழ் வேலை செய்யேல்லை" எண்டு நான் சொன்னதுக்கு மூண்டு மாசம் "அடுத்த வெர்ஷனில பாப்பம்" எண்டாங்கள். இன்னொரு ஓப்பன் சோர்ஸ் புரோக்ராமிலயும் அதே மாதிரிப் பிழை, அங்கயும் அப்பிடியே எழுத ஒரு குருவியும் திரும்பிப் பாக்கேல்லை. பிறகு வெர்ஷன் நம்பர், ஃபொன்ற் பேர், பிரிண்டர், அடிச்ச சொல், வந்த படம் எல்லாத்தையும் சேத்து ரெண்டு இடத்துக்கும் அனுப்பினன். ஓப்பன் சோர்ஸ் ஆக்கள் ரெண்டு நாளில ஃபொன்ற் ஃபைலைக் கேட்டினம், கொம்பனிக்காரர் ஒரு கிழமையில பெடியன் ஒருத்தனையே அனுப்பினாங்கள்.

பாதுகாப்பு ஓட்டையெண்டால் மட்டும் எல்லாரும் பாக்கிற பக் பட்டியலில போட்டிடாதேங்கோ, ஊருக்கே வழி காட்டின மாதிரிப் போகும். அதுக்கெண்டு தனி ஈமெயில் குடுத்திருப்பினம், அதுக்கு அனுப்பிப்போட்டு, அனுப்பின திகதியைக் கொப்பியில எழுதுங்கோ.