மரத்துல தேமலா? அரிவாள கீழ வச்சுட்டு லென்ஸ எடுங்க

எங்க அம்பாசமுத்திரம் பக்கம் மா, பலா, பாக்குன்னு எந்த மரத்தப் பாத்தாலும் பட்டையில சாம்பல் வெள்ளையா திட்டு திட்டா கெடக்கும், நாங்க தேமல்னு சொல்லுவோம். மருந்துக்கடையில ஒருத்தர் அது சீக்குன்னு சொன்னாவ, நானும் நம்பி ஒரு மாமரத்த அரிவாளால சொரண்டுனேன், பட்டையும் சேந்து வந்து வாரக்கணக்கா பிசின் வடிஞ்சதுதான் மிச்சம்.

அது சீக்கு இல்ல, லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேந்து குடித்தனம் நடத்துது, பாசி வெயில்ல சமைச்சுப் போட்டுரும், மரத்துக்கிட்ட இருக்க எடம் மட்டுந்தான் கேக்கும். பிரியாணிக்குப் போடுதோம்லா கல்பாசி, அதுவும் லைக்கன்தான், ஆனா அது இலை மாதிரி எந்திரிச்சு நிக்கும், இது பெயிண்ட் அடிச்ச கணக்கா ஒட்டிக் கெடக்கும், உரிச்சா தனியா வராது.

பாக்கணும்னா சாரல் அடிச்ச மறுநாள் காலையில வழவழப்பான பட்டை உள்ள மரமா பாத்துப் போங்க, நகை ஆசாரி வச்சிருக்க 10 மடங்கு லென்ஸ் போதும். கண்ணுகிட்ட லென்ஸ வச்சுட்டு தலைய மரத்துப் பக்கமா கொண்டு போங்க. வெள்ளை மேல கருப்பா நெளிநெளியா கோடு, பனையோலை ஏட்டுல கீறி மை தடவுன மாதிரி இருக்கா? அது பெரும்பாலும் கிராஃபிஸ்ங்கிற லைக்கன் வகை, எழுதுறதுன்னு அர்த்தம் வர்ற கிரேக்கச் சொல்லுலேருந்து வந்த பேரு. ஒரு கோட்ட மட்டும் உத்துப் பாருங்க, நடுவுல மெல்லிசா வெடிப்பு, ரெண்டு ஒதடு மாதிரி இருக்கும், பூஞ்சையோட வித்து அதுவழியாத்தான் வெளிய வரும். கோட்டுக்குப் பதிலா குட்டிக் குட்டி வட்டத்தட்டா இருந்தா அது வேற லைக்கன். எந்த இனம்னு முடிவு பண்ணணும்னா மைக்ராஸ்கோப் வேணும், நமக்கு அவ்வளவு வேண்டாம்.

சந்தேகமா இருந்தா ஓரத்துல நகத்தால லேசா கீறுங்க, உள்ள பச்சையாவோ மஞ்சளாவோ தெரிஞ்சா பாசி இருக்குன்னு அர்த்தம். பஞ்சு மாதிரி இருந்து நசுக்குனா பிசுபிசுன்னு ஒட்டுச்சுன்னா மாவுப்பூச்சி. தென்னையில செவப்பா சாறு வடிஞ்சா அது நெசமாவே சீக்கு, வைத்தியம் பாக்கணும்.

நோஞ்சான் மரத்துல தேமல் கூட இருக்கும், அதான் எல்லாரும் இது மேல பழியப் போடுதாவ. இலை உதுந்து வெளிச்சம் உள்ள விழுதுலா, அதுல இது தழைக்கும், அவ்வளவுதான். மருந்தடிக்க காசுக்கு வேரையும் தண்ணியையும் பாருங்க.

பக்கத்துல ஸ்கேல் வச்சு ஒரு போட்டோ எடுத்து வைங்க, வருசத்துக்கு மில்லிமீட்டர் கணக்குலதான் வளரும், அடுத்த ஆடியில அதே எடத்துல இன்னொண்ணு எடுங்க. முண்டந்துறை புலிகள் காப்பகக் காட்டுக்குள்ளன்னா போட்டோவோட நிறுத்திக்கிடுங்க, நகத்தக்கூட வைக்காதிய.