எங்கள் நாய்க்குட்டி ஒரே மூலைக்குப் போகப் பழகியது இப்படித்தான்

நாலு மாத சிப்பிப்பாறைக் குட்டி, துளசி, கறிவேப்பிலை என்று தோட்டம் முழுக்க ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. வேப்பமரத்து மூலையில் மணல் கொட்டி அங்கே இழுத்துப் போனேன், பலனில்லை. அதட்டினேன், அப்புறம் என் கண்ணில் படாமல் ஒளிந்து போக ஆரம்பித்தது. பத்து நாள் கழித்துத்தான் உறைத்தது: அந்த மணலில் தினமும் ஃபினாயில் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன், ஆனால் நாய் தன் பழைய மூத்திர வாடையை வைத்துத்தான் இடத்தை அடையாளம் பிடிக்கும்.

கழுவுவதை நிறுத்தினேன். வீட்டுக்குள் மூத்திரம் துடைத்த துணியை அந்த மணலில் நன்றாகத் தேய்த்தேன், மற்ற இடங்களில் நிறையத் தண்ணீர் விட்டு அலசினேன். சாப்பிட்டுக் கால் மணி நேரத்தில் கயிறு கட்டிக் கூட்டிப்போய்ப் பேசாமல் நின்றேன். முடித்த நொடியே, அங்கேயே, ஒரு துண்டு அவித்த கோழி. உள்ளே வந்து கொடுத்தால் எதற்கென்று அதற்குப் புரியாது. மூன்றாவது வாரம் கயிறில்லாமலே போனது. மலத்தை மட்டும் தினமும் அள்ளிவிடுகிறேன்.