மலைக் கட்டுமான சைட்டுக்கு ட்ரோனும் மொபைல் ஆப்பும் கொண்டுவரும்போது செய்யக்கூடாத தவறுகள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் இப்போது சின்ன கான்ட்ராக்டர்கள்கூட ட்ரோன் சர்வே கேட்கிறார்கள். ரொம்ப நல்ல விஷயம். ஆனால் கோவையில் செய்த மாதிரியே இங்கேயும் செய்தால் சரிவராது.

பெரிய தவறு உயரத்தில்தான் நடக்கிறது. ஜிபிஎஸ் கருவி நேரடியாகத் தரும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அளந்தது இல்லை. தென்னிந்தியாவில் இரண்டுக்கும் 80 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். அவ்வளவு பெரிய தப்பு உடனே கண்ணில் பட்டுவிடும், அதனால் அது ஆபத்தில்லை. ஜிபிஎஸ் உயரத்தைக் கடல்மட்ட உயரமாக மாற்ற உதவும் கணக்கு மாதிரிக்கு ஜியாய்டு மாடல் என்று பெயர்; ஒரு சர்வேயர் ஒரு ஜியாய்டு மாடலையும் இன்னொருவர் வேறொன்றையும் வைத்துத் திருத்தும்போது வரும் சின்ன வித்தியாசம்தான் ஆபத்து, அரை மீட்டர் மாறினாலே கழிவுநீர்க் குழாயின் வாட்டம் கெட்டுவிடும். சைட்டில் அசையாத பாறையில் ஒரு பெஞ்ச்மார்க் (உயரம் அளக்க நிலையான அடையாளப் புள்ளி) குறித்து, எல்லா அளவையும் அதிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள், ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் கருவி) வைத்து ஒருமுறை சரிபார்த்தும் விடுங்கள்.

அப்புறம் தேயிலை. ட்ரோன் கேமரா பார்ப்பது புதரின் தலையை, மண்ணை இல்லை. முக்கால் மீட்டர் உயரப் புதர் ஒரு ஏக்கர் முழுக்க நின்றால், இல்லாத மண் சுமார் 3,000 கன மீட்டர் வெட்டுக் கணக்கில் ஏறிவிடும், லாரி வாடகையும் அதோடு சேர்ந்து ஏறும்! லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி) வைத்தாலும் அடர்ந்த புதருக்குள் லேசர் முழுசாக இறங்காது. ஆகவே வரிசைகளுக்கு நடுவே ஆள் இறங்கி, தரையில் புள்ளிகள் எடுத்தே ஆகவேண்டும். பறக்கும் உயரத்தைக் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடாமல் சரிவைத் தொடர்ந்து போகும்படி வையுங்கள், இல்லையென்றால் மேட்டுப் பக்கத்து சில்வர் ஓக் மரத்தில் மோதும். வெலிங்டன், அருவங்காடு சுற்றுவட்டாரத்தில் ராணுவ இடங்கள் இருப்பதால் டிஜிட்டல் ஸ்கை வரைபடம் (ட்ரோன் எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று காட்டும் அரசு வரைபடம்) பார்க்காமல் ட்ரோனை எடுக்கவே கூடாது.

நிலச்சரிவு வரைபடத்தில் 'நம்ம இடம் பச்சையில் இருக்கு' என்று நிம்மதியாகிவிடுவதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் தேசிய வரைபடம் 1:50,000 அளவில் இருக்கிறது, அதில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 50 மீட்டர். உங்கள் 10 சென்ட் மனை அதில் அரை மில்லிமீட்டர்கூட வராது. 2009 நவம்பர் மழையில் நம்ம நீலகிரி மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் நிலச்சரிவில் பறிகொடுத்திருக்கிறோம். மண் பரிசோதனை செய்யுங்கள், மழை நேரத்தில் போய்த் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். வடிகால் மென்பொருளில் சமவெளி மழையளவைப் போடாதீர்கள்: 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது.

டிராயிங்கை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்புவதையும் விடுங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் இருக்காது, மேஸ்திரி பழைய பிடிஎஃப்பைப் பார்த்தே தடுப்புச் சுவரை எழுப்பிவிடுவார். நெட் இல்லாமலும் திறக்கும் ஆப்பாகப் பார்த்து வாங்குங்கள், தேதி போட்ட தாள் ஒன்றும் சைட் ஷெட்டில் ஒட்டியிருக்கட்டும், புதுசு வந்ததும் பழையதைக் கிழித்துவிடச் சொல்லுங்கள்.