நீட் மாதிரித் தேர்வை மத்தியானத்தில் எழுத வையுங்கள்

வேலூர், காட்பாடி பக்கம் பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு ஒரு விஷயம். நீட் தேர்வு மதியம் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடிகிறது, அதுவும் பெரும்பாலும் மே முதல் ஞாயிறு, நம்ம ஊர் வெயில் மண்டையைப் பிளக்கிற சமயம். நாமோ விடியற்காலையில் எழுப்பி மாதிரித் தேர்வு எழுத வைக்கிறோம்! வாரம் ஒரு நாளாவது, சாப்பிட்டுக் கண் சொக்குகிற அந்த நேரத்தில், 180 கேள்வியையும் 180 நிமிடத்தில் ஒரே மூச்சில் எழுதட்டும். ஏசி வேண்டாம், ஃபேன் போதும்.

ஓஎம்ஆர் தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கறுப்பு பால்பாயிண்ட் பேனாவாலேயே வட்டங்களை நிரப்பச் சொல்லுங்கள். கடைசியில் மொத்தமாக நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டால், ஒரு வரி தள்ளிப்போனாலும் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் தப்பாகிவிடும், அதனால் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் நிரப்பிவிடுவதுதான் நல்லது.

சரியான விடைக்கு 4 மதிப்பெண், தப்புக்கு 1 கழியும். கொடுத்திருக்கிற நான்கு விடைகளில் இரண்டு தப்பு என்று தள்ளிவிட முடிந்தால் தைரியமாகக் குறிக்கலாம். அப்புறம், திருத்தும்போது தப்பானதை மட்டும் பார்க்காமல், குத்துமதிப்பாகப் போட்டுச் சரியாகிவிட்ட கேள்வியையும் என்சிஇஆர்டி புத்தகத்தில் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.