பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்னே பிடுங்குங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் பின்கட்டு, காலிமனை, ஊருணிக்கரை என்று எங்கே பார்த்தாலும் இப்போது பார்த்தீனியம்தான். கேரட் தழை போல இலை, நுனியில் பொடிப்பொடியாய் வெள்ளைப் பூ. இதன் வேரிலிருந்தும் உதிரும் இலையிலிருந்தும் இறங்கும் நச்சுப்பொருள் அக்கம்பக்கத்து விதைகளை முளைக்க விடாது. தும்பை, குப்பைமேனி, கீழாநெல்லி எல்லாம் இப்படித்தான் காணாமல் போகின்றன. தும்பை போனால் அதைத் தேடி வரும் பட்டாம்பூச்சிக்கு என்ன மிச்சம்?

முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். ஒரே செடி பத்தாயிரத்துக்கு மேல் விதை போடும். அதனால் ஐப்பசி மழை பெய்து செம்மண் இளகியிருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடுங்கள். கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் கட்டாயம். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் கிட்டேயே போக வேண்டாம். அரிவாளால் மேலாக அறுத்தால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

பூக்காத செடியை எருக்குழியில் போடலாம். பூத்தது என்றால் பூவை உலுக்காமல் சாக்கில் கட்டிவிடுங்கள், எருக்குழிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சிலர் உப்புக் கரைசல் தெளிக்கிறார்கள். செடி சாகும், சரி, ஆனால் மண்ணும் கெடும்.

அப்புறம், பிடுங்கிய இடத்தை வெறுமனே விடாதீர்கள், அடுத்த மழைக்கு அதுவே திரும்பி வரும். அன்றைக்கே ஆவாரை விதையைத் தூவுங்கள். நம் வறண்ட மண்ணுக்குத் தோதான செடி. மண்ணில் பழைய விதை இருக்கும் என்பதால், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒருமுறை பார்த்துப் பிடுங்க வேண்டும்.